“பேச மட்டும் ஒரு சார்ஜ் இல்லையா?” – ஃபோன் தனியார் கைக்குப் போன பிறகு யாரைக் கேட்பது

கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஆனாலும் நாளில் பாதி ரீசார்ஜுக்கே போய்விடும். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கட்டணத்தை ஏற்றின. அந்த வாரம் ஒரு சாயங்காலம், இலை பறித்து எடை போட்டுவிட்டு நேராக வந்த ஒரு பாட்டி, பட்டன் ஃபோனையும் முந்தானையில் முடிந்திருந்த பணத்தையும் மேஜைமேல் வைத்தார். போன மாதம் கொடுத்த அதே பணம். இந்த மாதம் போதவில்லை.

“ஏன் தம்பி, எனக்கு நெட்டு எதுக்கு? இந்த ஃபோன்ல அது வராதுன்னு நீதானே சொன்னே. பேச மட்டும் ஒரு சார்ஜ் இல்லையா?”

அவர் வைத்திருந்த சிம்முக்கு டேட்டா சேராத பிளான் எதுவும் அன்றைக்கு இல்லை. இல்லை பாட்டி என்றேன். “இதை யார்கிட்ட போய்க் கேக்குறது? கவருமெண்டுதானே ஃபோனு குடுத்துச்சு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். ஃபோன் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பாட்டி சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டம், இந்த நாட்டில் தந்தி, தொலைபேசி நடத்தும் உரிமை அரசுக்கு மட்டுமே என்றது. கம்பி இழுத்தது, கட்டணம் வைத்தது, பில் அனுப்பியது, புகார் கேட்டது எல்லாம் ஒரே துறை. நல்லதோ கெட்டதோ, யாரைக் கேட்பது என்ற குழப்பம் கிடையாது.

என் அப்பா 1990-களில் எஸ்.டி.டி. பூத், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் கடை, நடத்தினார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, உள்ளே ஒரு ஸ்டூல், எதிரே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பேசுகிறவர் வாய் நலம் விசாரிக்கும், கண் மீட்டரை விட்டு நகராது. ராத்திரி கட்டணம் குறையும் நேரத்துக்காக, திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளையோடு பேச, மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு பனியில் ஆட்கள் காத்திருப்பார்கள். அப்பா அவர்களுக்காகவே கடையைத் திறந்து வைத்திருப்பார்.

அந்த மீட்டரில் ஓடிய ரூபாயில் ஒரு பங்கு வேறு யாருடைய ஃபோனுக்கோ போய்க்கொண்டிருந்தது என்பது இப்போது படித்துத்தான் தெரிந்தது. வெளியூர், வெளிநாட்டு அழைப்புக்கு அடக்கத்தைவிட மிக அதிகமாக வாங்கினார்கள். உள்ளூர் அழைப்புக்கும் மாத வாடகைக்கும் அடக்கத்தைவிடக் குறைவாக வாங்கினார்கள். அதில் வந்ததை எடுத்து இதில் விழுந்த பள்ளத்தை நிரப்பினார்கள். மேட்டுப்பாளையம் பஸ் நிறைய ஆள் ஏற்றிச் சம்பாதிக்கும். அந்தக் காசுதான் கடைசி ஹட்டிக்கு, அதாவது எங்கள் மலைக் கிராமத்துக்கு, நாலு பேரோடு போகும் சாயங்கால பஸ்ஸுக்கு டீசல் போடும். அதே கணக்குதான் இதுவும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வரும்போது முதலில் உடைவது இந்தக் கணக்குதான். புதிதாக வருகிறவர் மேட்டுப்பாளையம் ரூட்டைத்தான் கேட்பார். அங்கே கட்டணத்தைக் குறைத்து ஆளை இழுப்பார். பழைய பஸ்ஸும் அங்கே குறைத்தாக வேண்டும். குறைத்தால் ஹட்டி பஸ்ஸுக்கு டீசல் எங்கிருந்து வரும்?

ஒரு ஹட்டி, ஒரு ஜீப்

“தனியாருக்குக் கொடுத்தாச்சு, இனி அரசுக்கு வேலையில்லை” என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அரசுக்கு வேலை மாறுகிறது, குறைவதில்லை. முன்பு ஃபோன் நடத்திய அரசு, இப்போது நடத்துகிறவர்களுக்கு விதி போட வேண்டும். எப்படிப் போடுவது என்பதில் உலகம் பல வழிகளைப் பார்த்திருக்கிறது. மூன்று வழிகளை நம் ஊர் ஜீப்பை வைத்துச் சொல்கிறேன்.

பஸ் போகாத ஒரு ஹட்டி. ஒரே ஒருவர் ஜீப் ஓட்டுகிறார். அவர் வைத்ததுதான் கட்டணம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள்.

முதல் யோசனை: “கணக்கைக் காட்டு. செலவு போக, நீ போட்ட முதலுக்கு நூற்றுக்குப் பத்து லாபம் வருகிற மாதிரி டிக்கெட் வைத்துக்கொள்.” நியாயமாகத் தெரிகிறது. ஆனால் டீசலை மிச்சப்படுத்த அவருக்கு இனி எந்தக் காரணமும் இல்லை. அதைவிட மோசம், முதல் பெருகினால் லாபமும் பெருகும் என்பதால், ஓடுகிற ஜீப்பை விற்றுவிட்டுத் தேவையில்லாமல் பெரிய வண்டி வாங்குவார். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் தொலைபேசிக் கம்பெனிகளை இப்படித்தான் கட்டுப்படுத்தினார்கள். முதலை வீங்க வைக்கும் இந்தக் குறையை அவெர்ச், ஜான்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1962-லேயே எழுதிக் காட்டினார்கள்.

இரண்டாவது யோசனை: “உன் கணக்கு எங்களுக்கு வேண்டாம். டிக்கெட்டுக்கு ஒரு உச்சவரம்பு. விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அதில் 3 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஏற்றலாம். அதற்குள் நீ எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் உனக்கே.” 1984-ல் பிரிட்டன் தன் தொலைபேசி நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை விற்றபோது கொண்டுவந்தது இதைத்தான். யோசனை ஸ்டீபன் லிட்டில்சைல்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியருடையது. கண்காணிக்க ஆஃப்டெல் என்று தனி அமைப்பு வைத்தார்கள். விலைவாசி 7 சதவீதம் ஏறினால், முக்கியமான சேவைகளின் கட்டணம் சராசரியாக 4 சதவீதம் மட்டுமே ஏறலாம். ஜீப்காரர் இப்போது டீசலைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்.

ஆனால் இன்னொன்றையும் மிச்சம் பிடிப்பார்: பிரேக் சர்வீஸை. டிக்கெட்டை ஏற்ற முடியாதவர் தரத்தை இறக்கி லாபம் பார்ப்பார். அதனால் விலைக்கு வரம்பு போடுகிறவர்கள் கூடவே தரத்துக்கும் விதி போட்டாக வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் மற்றது கையை விட்டுப் போகும். இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

மூன்றாவது யோசனை: “நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு ஜீப் வரட்டும், போட்டியில் கட்டணம் தானாக இறங்கும். தகராறு என்றால் கோர்ட் இருக்கிறது.” நியூசிலாந்து இப்படிச் செய்தது. 1990-ல் தொலைபேசி நிறுவனத்தை விற்றார்கள், தனி ஒழுங்குமுறை அமைப்பு எதுவும் வைக்கவில்லை. இரண்டாவது ஜீப்பும் வந்தது. ஆனால் ஹட்டிக்குப் போகிற ஒரே பாலம் முதல் ஜீப்காரருக்குச் சொந்தம். புதியவர் அந்தப் பாலத்தைத் தாண்டினால்தான் வீடுகளுக்குப் போக முடியும். பாலத்துக்கு, அதாவது பழைய கம்பெனியின் இணைப்புக்கு, என்ன வாடகை என்ற வழக்கு, அப்போது அந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1994-ல் தீர்ப்பு வந்தது, வழக்கில் வருஷங்கள் போனதுதான் மிச்சம். கடைசியில் 2001-ல் சட்டம் போட்டுத் தொலைத்தொடர்பு ஆணையர் என்று ஒருவரை வைத்தார்கள்.

போட்டி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாலத்துக்கு விதி இல்லாமல் போட்டி நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நம் நாட்டில் வரிசை மாறிப் போனது

முதலில் நடுவர், பிறகு ஆட்டக்காரர்கள் என்று வருவதுதான் முறை. நம் நாட்டில் தலைகீழாக நடந்தது. 1994-ல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசியதுதான் நாட்டின் முதல் செல்ஃபோன் அழைப்பு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், வந்தது 1997-ல்தான்.

இடைப்பட்ட காலத்தில் உரிமம் கொடுத்தது தொலைத்தொடர்புத் துறை. அதுவே ஃபோன் சேவையும் நடத்தியது. சண்டை வந்தால் தீர்ப்புச் சொன்னதும் அதுவே. டிராய் வந்த பிறகும், உரிமம் கொடுக்கும் அரசையே அது கேள்வி கேட்கலாமா என்று வழக்குகள் நடந்தன. தனியார் கம்பெனிகள் ஏலத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெருந்தொகை சொல்லிவிட்டுக் கட்ட முடியாமல் திணறின. 1999-ன் புதிய கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்தை எடுத்துவிட்டு வருமானத்தில் பங்கு என்று மாற்றியது. 2000-ல் சட்டத்தைத் திருத்தி, வழக்குகளை விசாரிக்க டிடிசாட் என்ற தனித் தீர்ப்பாயம் அமைத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் அரசுத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். என்ற கம்பெனி ஆனது. இப்போதுதான் விதி போடுபவர், தீர்ப்புச் சொல்பவர், சேவை நடத்துபவர் என்று நாற்காலிகள் பிரிந்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டன் மாதிரி நாம் உள்ளூர் தொலைபேசியை விற்கவில்லை. விற்றது வெளிநாட்டு அழைப்புகளைப் பார்த்துக்கொண்ட வி.எஸ்.என்.எல். நிறுவனத்தை, 2002-ல். மற்றபடி அரசு கம்பெனியும் ஆட்டத்தில் இருக்க, பக்கத்தில் தனியாரை விட்டோம். இன்றைக்கும் மலையின் பல மூலைகளில் இந்த வித்தியாசம்தான் சிக்னலாக வருகிறது.

டிராய்க்கு எந்த அளவுக்கு அதிகாரம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமம், அலைக்கற்றை விஷயத்தில் அது பரிந்துரை மட்டும் செய்யலாம், முடிவு அரசு கையில். கட்டணம், ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் இடையேயான இணைப்பு, சேவைத் தரம் ஆகியவற்றில் அது போடுகிற விதி கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும்.

டிராய் முதலில் செய்த பெரிய காரியமே, என் அப்பா பூத்தில் ஓடிய அந்தப் பழைய கணக்கைக் கலைத்ததுதான். 1999 கட்டண ஆணையில் எஸ்.டி.டி. என்ற வெளியூர்க் கட்டணமும் ஐ.எஸ்.டி. என்ற வெளிநாட்டுக் கட்டணமும் குறைந்தன, உள்ளூர் வாடகை ஏறியது. அடுத்தடுத்த வருஷங்களில் எஸ்.டி.டி. என்ற தனிக் கட்டணமே கரைந்து போனது. பூத்தும் போனது. அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் பனியில் நின்றவர்களுக்கு அது விடுதலை என்று அவரே சொல்வார்.

பாலத்துக்கு யார் காசு கொடுப்பது

ஃபோன் மற்ற வியாபாரம் மாதிரி இல்லை. பக்கத்துக் கடை டீத்தூளை என் கடையில் விற்கவில்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கோத்தகிரியில் நான் ஒரு கம்பெனி, திருப்பூரில் என் தங்கச்சி வேறொரு கம்பெனி என்றால், இரண்டு கம்பெனிகளும் கை கோத்தால்தான் நாங்கள் பேச முடியும். பெரிய கம்பெனி கையை நீட்ட மறுத்தால் சின்னது செத்துவிடும். ஆயிரம் பேர் மட்டும் உள்ள நெட்வொர்க்கில் யார் சேருவார்கள்? அதனால் நடுவர் கண்ணை எடுக்கக் கூடாத இடம் இந்த இணைப்புதான்.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். செல்ஃபோன் வந்த புதிதில் வருகிற அழைப்பை எடுத்தாலும் நமக்குக் காசு போகும். அதனால் மணி அடித்தாலும் எடுக்க மாட்டோம், நம்பரைப் பார்த்துவிட்டு பூத்துக்கு ஓடுவோம். 2003 மே மாதம் விதி மாறியது. அழைக்கிறவர் மட்டும் காசு கொடுத்தால் போதும். அழைக்கிறவரின் கம்பெனி, அழைப்பை வாங்கி இறக்கிவிடுகிற கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கொடுக்க வேண்டும். அந்தப் பைசாவை டிராய் நிர்ணயித்தது. இதுதான் பாலத்து வாடகை. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் செல்ஃபோன் கூலிக்காரர் சட்டைப் பைக்கும் வந்தது. மிஸ்டு கால் என்ற நம் பழக்கமும் ஊர் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

வாடகை எவ்வளவு என்பது சின்ன விஷயமாகத் தெரியும். அதில்தான் பெரிய சண்டையே. அதிகமாக வைத்தால், நிறைய வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்திருக்கிற பழைய கம்பெனிக்கு வருமானம், புதிதாக வருபவருக்குச் சுமை. குறைத்தால் அப்படியே தலைகீழாக மாறும். 2017 அக்டோபரில் 14 பைசாவை டிராய் 6 பைசா ஆக்கியது. 2021 ஜனவரி 1 முதல் சுத்தமாக இல்லை. அதற்கு முன், 2016-ல் ஜியோ வந்தபோது, அதற்குப் போதுமான இணைப்புகளைத் தரவில்லை என்று ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று டிராய் பரிந்துரைத்தது. பாலத்தை மறிப்பது எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்படுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதியும் இதே குடும்பம்தான். 2011 ஜனவரி 20 முதல் அது நாடு முழுக்க வந்தது. நம்பர் கம்பெனியின் சொத்து என்று இருந்தவரை, சேவை எவ்வளவு மோசமானாலும் நாம் கட்டிப்போட்ட மாடுதான். 2018-ல் ஏர்செல் திவாலானபோது, அதன் வாடிக்கையாளர்கள் நம்பரோடு வெளியேற டிராய் வழி செய்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ பேரின் ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த நம்பரில் இருந்தன. அந்த விதி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அலைக்கற்றையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில் போகிற அலைகள் பொதுச் சொத்து, அளவும் குறைவு. யாருக்குக் கொடுப்பது? முதலில் வந்தவருக்கா, தகுதி பார்த்தா, ஏலம் விட்டா? 2008-ல் முதலில் வந்தவருக்கு என்ற முறையில் கொடுத்த 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது துறை அமைச்சராக இருந்த ஆ.ராசா 2009-ல் நம் நீலகிரித் தொகுதியில் நின்று வென்றவர் என்பதால், இங்கே டீக்கடை தவறாமல் பேசப்பட்ட விஷயம் அது. குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது, சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது. கொடுத்த முறை சரியா என்பதும் யாராவது குற்றம் செய்தார்களா என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒழுங்குமுறை பற்றிப் பேசும்போது முதல் கேள்விதான் நமக்கு வேண்டியது. இப்போது தனியார் கம்பெனிகளுக்குச் செல்ஃபோன் அலைக்கற்றை ஏலத்தில்தான் போகிறது.

போட்டி ஏறாத மேடு

இனி நம் மலைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு டவருக்கு இடம் வேண்டும், கரண்டு வேண்டும், கரண்டு போனால் பேட்டரியோ ஜெனரேட்டரோ வேண்டும், டவரிலிருந்து ஊருக்கு வெளியே தகவலைக் கொண்டுபோக ஃபைபரோ மைக்ரோவேவோ வேண்டும். சமவெளியில் ஒரு டவர் நாலு திசையும் பார்க்கும். இங்கே ஒரு டவர் ஒரு சரிவைத்தான் பார்க்கும். மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹட்டி நிழலில் கிடக்கும். காட்டுக்குள் கம்பி கொண்டுபோக வனத்துறை அனுமதி தனி. செலவு அதிகம், ஆள் குறைவு. கணக்குப் பார்க்கிற எந்தக் கம்பெனியும் ஊட்டி சேரிங்கிராஸில் நாலாவது டவர் வைக்குமே தவிர, கீழ் கோத்தகிரிக்கு அப்பால் முதல் டவர் வைக்காது. இதில் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. போட்டி விலையை இறக்கும். ஆளில்லாத மேட்டில் அது ஏறாது.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, உரிமத்திலேயே நிபந்தனை போடுவது. நம் நாட்டில் செல்ஃபோன் உரிமங்களில் அது இருந்தது. ஆனால் எப்படி? முதல் வருஷத்தில் மாவட்டத் தலைநகரங்களில் பத்தில் ஒரு பங்கு, மூன்று வருஷத்தில் பாதி என்று எண்ணினார்கள். நீலகிரி என்றால் ஊட்டியை எட்டினால் கணக்கு தீர்ந்தது. அதுவும் வேண்டாம், மாவட்டத்தில் வேறொரு ஊராக இருந்தாலும் சரி. மஞ்சூருக்கு அந்தப் பக்கமும் மசினகுடிக்கு உள்ளேயும் இருக்கிற மனிதர்களை எண்ணச் சொல்லி அந்த நிபந்தனை யாரையும் கேட்கவில்லை. விதி எதை எண்ணச் சொல்கிறதோ அதைத்தான் கம்பெனி செய்யும். அதனால் விதியில் எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் நம்முடைய கண் இருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு கொடுமை இருந்தது. மாநில வாரியாக உரிமம் பிரித்ததால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே ஃபோன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங்கில் காசு ஓடும். கோடு போட்டவர்கள் மலையைப் பார்க்கவில்லை.

இரண்டாவது மருந்து, நிதி. ஹட்டி பஸ்ஸுக்கு மேட்டுப்பாளையம் பஸ் டீசல் போட்ட கணக்கை வெளிப்படையாகச் செய்வது. 2003 முதல் 2008 வரை, நஷ்டத்தில் கிராமத் தொலைபேசி நடத்துகிற பி.எஸ்.என்.எல்.லுக்கு மற்றவர்களின் அழைப்பிலிருந்து ஒரு தொகை போனது. அது முடிந்தது. நிலைத்து நின்றது, 2002-ல் தொடங்கிய அனைவருக்கும் சேவைக்கான நிதி. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கிட்ட வருமானத்தில் 5 சதவீதத்தை இதில் போட வேண்டும். 2023-ன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். பாட்டி ரீசார்ஜ் பண்ணுகிற ஒவ்வொரு முறையும் அவர் காசிலிருந்து ஒரு துளி இந்த நிதிக்குப் போகிறது. அந்த நிதி அவர் ஊர் மாதிரி ஊர்களுக்காகத்தான்.

இந்த ஏற்பாடு பழையதைவிட நேர்மையானது என்று நினைக்கிறேன். யார் கொடுக்கிறார், யாருக்குப் போகிறது என்று தெரிகிறது. ஆனால் திரட்டியதைச் செலவழிக்கிற வேகம்தான் வேதனை. பல வருஷம் பெருந்தொகை செலவாகாமலே நின்றது. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை இந்த நிதியிலிருந்து ஒப்புக்கொண்டது, பி.எஸ்.என்.எல். மூலம் செய்ய. நிதி தொடங்கி இருபது வருஷம் கழித்து. காசு கொடுத்தவர்கள் என்ற உரிமையில் நம் ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம சபையில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பாட்டிக்குப் பதில்

கட்டண விஷயத்தில் டிராய் பெரும்பாலும் கைகட்டி நிற்கிறது. போட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மொபைல் கட்டணத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ள விட்டிருக்கிறது. புது பிளான் போட்டால் தனக்குத் தெரிவிக்க வேண்டும், ஒளிவுமறைவு கூடாது என்பதோடு சரி. பத்துக்கு மேல் கம்பெனிகள் இருந்தபோது அது சரிதான். இன்றைக்கு அரசு கம்பெனியையும் சேர்த்து நான்கு. 2024 ஜூலையில் தனியார் மூன்றும் அடுத்தடுத்து ஏற்றியதைப் பார்த்த பிறகும், நடுவர் இப்படியே நிற்கலாமா என்று நான் கேட்பேன்.

ஆனால் முழுக்கக் கைவிட்டுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று தடவை ரீசார்ஜ். மக்கள் புகார் சொன்னதால், 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தாக வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஆணை வந்தது. பாட்டி கேட்ட கேள்விக்கான பதில் 2024 டிசம்பரில் வந்தது: பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பிளான் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் தர வேண்டும். அந்த மாதிரி பிளான் வந்ததும் அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். எத்தனை நாளுக்கு எவ்வளவு என்று கேட்டு விரல் மடித்துக் கணக்குப் போட்டார். மொத்தப் பணத்தை ஒரே தடவையில் புரட்டுவதுதான் சிரமம் என்றார். விலையை டிராய் வைக்கவில்லை, இப்படி ஒரு பிளான் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னது. அந்த வித்தியாசம் அவர் முகத்தில் தெரிந்தது.

பிறகு, “சரி தம்பி, சார்ஜ் போட்டாச்சு. வீட்டுல சிக்னலே இல்லையே. மேல தேயிலைக்குள்ள ஏறி அந்தப் பாறைகிட்ட நின்னாத்தான் பேச முடியுது” என்றார்.

இது தரத்தின் கேள்வி, பிரேக் சர்வீஸ். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தர விதிகளின்படி, எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் இணையதளத்தில் போட வேண்டும். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையைக் கழிக்க வேண்டும், ப்ரீபெய்டுக்கு நாளைக் கூட்டித் தர வேண்டும். இயற்கைப் பேரிடர் என்றால் இதில் விலக்கு உண்டு. நமக்கு இடிக்கிற இடம் அதுதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அது பேரிடர். ஆனால் சாதாரண ஐப்பசி மழையில் கரண்டு போய், டவர் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்து, டீசல் ஊற்ற ஆள் வராமல் கிடப்பதை யாரும் பேரிடர் என்று எழுதிவிடக் கூடாது. மலை மாவட்டங்கள் ஒன்றாகக் குரல் கொடுக்க வேண்டிய இடம் இது.

தனி ஆளின் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. இது பலருக்குத் தெரியாது. முதலில் கம்பெனியின் புகார் எண் 198, இலவசம். பேசி முடித்ததும் டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், தருவார்கள், அதை எழுதிக்கொள்ளாமல் ஃபோனை வைக்காதீர்கள். அங்கே தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேல் நுகர்வோர் நீதிமன்றம். டெலிஃபோன் பில் தகராறுக்கு அங்கே இடமில்லை என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. செல்ஃபோன் வாடிக்கையாளர் அங்கே போகலாம் என்று 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. வக்கீல் இல்லாமலும் போகலாம்.

பாட்டி நின்றிருக்கும்போதே அவர் கம்பெனியின் வரைபடத்தைத் திறந்து அவர் ஹட்டியைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஊர் முழுக்க நிறம் பூசியிருந்தது. “இங்க சிக்னல் இருக்குன்னு போட்டிருக்காங்க பாட்டி” என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது எங்க கோயிலு. இது எங்க வீடு. இங்க எங்க இருக்கு சிக்னலு?” என்று திரையைத் தொட்டார்.

அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்தேன். 198-க்கு என் கடையிலிருந்தே, அவர் ஃபோனிலேயே பேசினோம். டாக்கெட் எண்ணை அவர் ரேஷன் கார்டு உறையில் எழுதி வைத்துக் கொடுத்தேன். என் நோட்டிலும் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் முப்பதாவது நாளின் தேதியோடு.